முடிச்சுக்குக் கீழே வந்த பூ

அஸ்தம்பட்டி, சேலம்
12.1.2024

பெரியப்பாவுக்கு,

பொன்னன் மகள் சௌமியா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. என் அப்பாவை வெட்டிக் கொன்றவரிடம் அதைக் கேட்க எனக்கு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறேன். தங்கியிருப்பது அஸ்தம்பட்டியில். தினமும் நீங்கள் இருக்கும் சிறைப் பக்கமாகத்தான் பஸ் போகிறது. மனுக் கொடுத்தால் நேரில் பார்க்கலாம் என்றார்கள். உங்கள் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. அதனால் தபாலில் கேட்கிறேன்.

நம் மோகனூர்க் காட்டு எல்லையில் நின்ற ரோஜாச் செடியை அன்றைக்கு நீங்கள் தரையோடு வெட்டினீர்கள். அது சாகவில்லை. தழைத்து, போன மார்கழியில் பூத்தது. இளஞ்சிவப்புப் பூ. அது தாத்தா வைத்த செடியே இல்லை, என் அப்பா பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு செடியை நாலடி கிழக்கே தள்ளி நட்டுவிட்டார் என்று உங்கள் மகன் மோகன்குமார் அண்ணன் எல்லையை அளக்க மனுப் போட்டிருக்கிறார். நாலடி போனால் எங்கள் போர்வெல் அவர் பக்கம் போய்விடும். அம்மாவுக்கும் தம்பி அறிவுக்கும் சோறு போடுவது அந்தத் தண்ணீர்தான்.

பாகப் பத்திரத்தில் ‘சிவப்பு ரோஜாச் செடி எல்லை’ என்று மட்டும் இருக்கிறது. அடி கணக்கு இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது சிவப்புப் பூத்த ஞாபகம் உண்டு. ஆனால் என் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? அந்தச் செடியை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். பூவின் நிறம், வாசம், முள், ஒரு காம்பில் எத்தனை இலை என்று ஞாபகம் இருப்பதை எழுதுங்கள்.

சௌமியா


மத்திய சிறை, சேலம்
5.2.2024

அன்பு மகள் சௌமியாவுக்குப் பெரியப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கு உன் அம்மாவும் அறிவும் நீயும் சுகமாயிருக்க நவலடியான் துணை.

கேட்டதற்குப் பதில். பூ கருஞ்சிவப்பு. வெயில் ஏறினால் இதழ் ஓரம் கறுத்துவிடும். வாசம் வாய்க்கால் தாண்டி வரும். முள் குறைவு, ஆனால் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். காம்புக்கு ஐந்து இலை, தடித்த இலை.

நீயே இளஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். இனி என்னைக் கேட்க என்ன இருக்கிறது? எருமை வயிற்றில் பசுங்கன்று பிறக்குமா? உன் அப்பன் பிடுங்கினான். நான் செய்ததற்கு நான் உள்ளே கிடக்கிறேன். அவன் செய்ததை இல்லையென்று சொல்லச் சொல்லாதே.

இப்படிக்கு,
செங்கோட்டையன்


அஸ்தம்பட்டி
17.2.2024

பெரியப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

பண்ணையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை ரோஜா ஒட்டுக்கட்டுவது. அழகான பூப் பூக்கிற ரோஜாவுக்குப் பெரும்பாலும் வேர் பலம் இருக்காது. அதனால் முரட்டு ரோஜா ஒன்றை அடியில் வளர்த்து, அதன் தண்டைக் கீறி, நல்ல ரோஜாவின் துளிர்க்கண்ணை அதில் செருகிக் கட்டுவார்கள். ஒட்டிய இடம் வீங்கி முடிச்சாக நிற்கும். முடிச்சுக்கு மேலே ஒரு செடி, கீழே வேறு செடி. கீழிருந்து வரும் குருத்தை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். விட்டால் அது மேலே போகும் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் மேல்செடி பட்டுப்போகும். அதற்குப் பிறகு அதே செடியில் வேறு பூப் பூக்கும்.

எருமை வயிற்றில் பசுங்கன்று பிறக்காது. ரோஜாவில் பிறக்கும்.

இரண்டே கேள்விகள். தாத்தா கொண்டுவந்தது ஒட்டுச்செடியா? கீழே வரும் குருத்தை யாராவது எடுத்துக்கொண்டிருந்தார்களா? உங்கள் பதில் வந்த பிறகுதான் அடியைத் தோண்டிப் பார்ப்பேன். நான் தோண்டியதைக் கேட்டுவிட்டு நீங்கள் பேச்சை மாற்றியதாக யாரும் சொல்லக் கூடாது.

சௌமியா


மத்திய சிறை, சேலம்
24.3.2024

அன்பு மகள் சௌமியாவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

தபால் தாமதமில்லை. நான்தான் எழுதவில்லை. இங்கே ஆபீஸ் முன்னால் பத்துப் பதினைந்து ரோஜா இருக்கிறது. கேட்டு வாங்கித் தோட்ட வேலைக்கு மாறினேன். ஒரு செடியின் அடியை நகத்தால் பறித்துப் பார்த்தேன். நீ சொன்ன முடிச்சு இருந்தது.

எங்கப்பா சின்னண்ணன் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அங்கிருந்து சாக்கில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். பேர் தெரியாது, துரை ரோஜா என்போம். ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து அடிக்குருத்தை எடுக்கச் சொல்வார். “கத்தி வெக்காத. அடியோட பிச்செடு. வெட்டுனா ஒண்ணுக்கு ரெண்டாக் கெளம்பும்” என்பார். பொன்னனுக்கு முள் குத்தினால் அழுவான். அதனால் அது என் வேலையாகவே ஆனது. அப்பா செத்த பிறகும் நான்தான் எடுத்தேன்.

2019இல் போர் போடும் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போனேன். போகும்போது இதை நான் பொன்னனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

தோண்டிப் பார். இருப்பதை இருக்கிறபடி எழுது.

செங்கோட்டையன்


மோகனூர்
6.4.2024

பெரியப்பாவுக்கு,

தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் முடிச்சு இருக்கிறது, கைமுஷ்டி அளவு. அதற்கு மேல் பழைய தண்டு, என் மணிக்கட்டுப் பருமன். உள்ளே கரையான் தின்று கூடாகிவிட்டது. அதில் உங்கள் கொடுவாள் வெட்டு மூன்று இருக்கிறது. நீங்கள் வெட்டியபோதே அது செத்த கட்டை. பூக்கிற குச்சிகள் எல்லாம் முடிச்சுக்குக் கீழிருந்து வருகின்றன. முள் நெருக்கம், இலை மெலிசு, காம்புக்கு ஏழு. பண்ணைக்காரர் பூவை முகர்ந்து பார்த்துவிட்டு எட்வர்டு ரோஜா என்றார். பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று விற்பது. ஒட்டுக்கட்ட அடியில் வைப்பதற்கு இதையும் வளர்ப்பார்களாம்.

செடி இடம் மாறவில்லை. அப்பா எதையும் பிடுங்கவில்லை.

இதைப் படம் எடுத்து மோகன்குமார் அண்ணனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “இது நெசமுன்னா எங்கப்பன் எதுக்கு உள்ள கெடக்கறாரு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் இரண்டு ஆட்களோடு வந்து சொட்டுநீர்க் குழாய்களை வெட்டிப் போட்டார். தடுத்த அறிவை மண்வெட்டிப் பிடியால் தலையில் அடித்தார். ஏழு தையல். நடுவே போன அம்மாவைத் தள்ளியதில் அவள் மணிக்கட்டு முறிந்தது. போகிறபோது களைக்கொல்லிக் கேனைச் செடியின்மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் இருக்கிறபடி எழுதச் சொன்னதால் எழுதினேன்.

சௌமியா


அஸ்தம்பட்டி
10.6.2024

பெரியப்பாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன கடிதம் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை.

களைக்கொல்லி பட்ட குச்சிகள் எல்லாம் இலை சுருண்டு கறுத்தன. அவற்றை வெட்டி எடுத்து, மேல்மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுமண் போட்டேன். வாரம் தவறாமல் வந்து தண்ணீர் விட்டேன். ஒரே ஒரு குருத்து பிழைத்திருக்கிறது. முழ உயரம்.

அம்மா கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. அறிவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், நின்றுவிட்டான். வீட்டிலேயே இருக்கிறான். உங்களுக்கு எப்போது பரோல் கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்டு எழுதச் சொன்னான்.

சௌமியா


மத்திய சிறை, சேலம்
30.6.2024

மகள் சௌமியாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

சத்தீஸ்கரில் இரண்டு வருஷம் ஊரான் காட்டிலெல்லாம் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தால் என் காட்டில் சோளத்தட்டுக் காய்ந்து நிற்கிறது. எல்லையில் பொன்னன் புதிதாகப் போட்ட போர் தண்ணீர் தள்ளுகிறது. அதன் பக்கத்தில் செடி இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. தண்ணீர் என் பக்கம், செடியைத் தள்ளி நட்டுத் தன் பக்கம் ஆக்கிக்கொண்டான் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று என் வக்கீல் கோர்ட்டில் சொன்னார். அது பொய். முதல் நாள் சாயங்காலமே கொடுவாளைத் தீட்டி வைத்தேன்.

காலை பத்து மணி. உன் அப்பன் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். “செடிய எங்கடா மாத்துன?” என்று கேட்டேன். அவன், “மாத்தலீங்கண்ணா. அப்பன் வெச்ச செடிதானுங்க. பூவுதான் என்னமோ மாறிப்போச்சு. அடியில மண்ணத் தள்ளிப் பாருங்கண்ணா” என்றான். சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளி எனக்குக் காட்டுவதற்காகக் குனிந்தான். அந்தக் கழுத்தில்தான் முதல் வெட்டு.

திரும்பினான். கையைத் தூக்கினான். கையோடு சேர்த்து வெட்டினேன். விழுந்த பிறகும் வெட்டினேன், எத்தனை என்று எனக்குத் தெரியாது, கோர்ட்டில் பதினொன்று என்றார்கள். வாய்க்கால் தண்ணீர் செங்காவியாகப் போனது. அதற்கப்புறமும் எனக்கு அடங்கவில்லை. செடியை வெட்டினேன். அவன் என்னைத் தள்ளினான் என்று போலீசில் சொன்னேன். தள்ளவில்லை. திட்டக்கூட இல்லை.

ஒரு சாண் மண். அவ்வளவுதான் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது.

பரோல் எப்போது என்று கேட்டது யார், எதற்கு என்று எனக்குப் புரிகிறது. அவனிடம் சொல். எனக்கு வெட்டு விழுவது ஒன்றுமில்லை, அது எனக்கு உரியது. ஆனால் நான் படுத்திருக்கும் இந்த இடத்தில் அவன் வந்து படுக்க வேண்டியிருக்கும். பத்தொன்பது வயதில். நான் பரோல் கேட்க மாட்டேன் என்று சொல்.

செங்கோட்டையன்


அஸ்தம்பட்டி
8.7.2024

பெரியப்பாவுக்கு,

அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று மூன்று வருஷமாக அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அடியில மண்ணத் தள்ளிப் பாருங்கண்ணா” என்றதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அறிவைப் பற்றி நீங்கள் நினைத்தது சரி. தலையணைக்கு அடியில் கொடுவாளை வைத்துப் படுக்கிறான். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் முதல் கடிதம் எழுதியது செடிக்காக மட்டுமில்லை. எழுத்துத் தொடர்பு இருந்தால் நீங்கள் வெளியே வரும் நாள் தெரியும் என்று அறிவு சொன்னான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சர்வேயர் வருகிறார். நீங்கள் நேரில் வந்து சொன்னால்தான் நிற்கும். போலீஸ் காவலோடு ஒரு நாள் அனுமதி கேளுங்கள். அறிவை நாமகிரிப்பேட்டையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

சௌமியா


மத்திய சிறை, சேலம்
27.7.2024

மகள் சௌமியாவுக்கு ஆசீர்வாதம்.

ஒன்பதாம் தேதி காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கூட நாலு பேர் வருவார்கள்.

மோகன்குமாருக்கும் எழுதினேன். உன் சித்தப்பன் குற்றமில்லாதவன், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்று. இன்லாண்ட் கவரில் பதில் வந்தது. ‘எனக்கு அப்பன் இல்லை’ என்று ஒரே வரி. அவன் கோபம் எனக்குத் தெரியும், அது என்னுடையதுதான். அறிவை மட்டுமல்ல, அவனையும் கவனித்துக்கொள்.

உன் அம்மா அன்றைக்கு என் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு அவள் முன்னால் நிற்கத் திராணி இல்லை.

செங்கோட்டையன்


மோகனூர்
8.9.2024

பெரியப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

நீங்கள் சர்வேயர் முன்னால் மண்டியிட்டு, கையால் மண்ணைத் தள்ளி, முடிச்சைக் காட்டி, “செடி மாறலீங்க. நாந்தான் பாக்காம வெட்டிட்டேன்” என்று சொன்னீர்கள். எல்லை அதே இடம்தான் என்று அவர் எழுதிக்கொண்டார். அதுவரை நீங்கள் இருந்தீர்கள். உங்களை ஏற்றிய வேன் ரோட்டில் திரும்பும்வரை மோகன்குமார் அண்ணன் அசையாமல் நின்றார். சர்வேயரும் கிளம்பினார். பிறகு அண்ணன் கடப்பாரையை எடுத்துச் செடியில் இறக்கினார். “இதும்பேர்ல என்னெ அநாதையாக்கிப் போட்டீங்க” என்று கத்திக்கொண்டே குத்தினார்.

அறிவு நாமகிரிப்பேட்டைக்குப் போகவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டான். நீங்கள் இருக்கும்வரை போலீசுக்குப் பயந்து கரும்புக்குள் உட்கார்ந்திருந்தவன், இப்போது ஓடிவந்தான். முதல் வெட்டு அண்ணன் தோளில் விழுந்தது, எலும்புவரை. இரண்டாவது தலைக்கு வந்தது. நான் கையை நீட்டிப் பிடித்தேன். கொடுவாள் உள்ளங்கையைப் பிளந்துகொண்டு மணிக்கட்டில் நின்றது. அறிவு அதைப் பார்த்தான். கொடுவாளை விட்டுவிட்டு வாய்க்காலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தன் தோளில் ரத்தம் வடிய அண்ணன் என் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டி, அவர் காரிலேயே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நரம்பைத் தைத்திருக்கிறார்கள். விரல்கள் மடங்கவில்லை. ஒட்டுக்கட்டும் வேலைக்கு இனி ஆகாது என்று பண்ணையில் கணக்கு முடித்துவிட்டார்கள். அறிவுமேலும் அண்ணன்மேலும் வழக்கு இருக்கிறது. அறிவு ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான்.

கடப்பாரைக் குத்துக்குப் பிறகும் செடி சாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இரண்டு குருத்து. திங்கட்கிழமை காலை அம்மா மண்வெட்டியோடு போனாள். நான் தடுத்தேன். “இதுக்கு இன்னொரு ஆளு வேணுமா?” என்று கேட்டாள். தோண்ட ஆரம்பித்தாள். முறிந்து கூடிய கை, மத்தியானத்துக்குள் வீங்கிவிட்டது. நிறுத்தவில்லை. தோளில் கட்டோடு அண்ணன் வரப்பில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, இருக்கும் ஒரு கையால் வேரைப் பிடித்து இழுத்தார். சாயங்காலம் முழுதாக வந்தது. காய்ந்த கரும்புச் சோகை போட்டு எரித்தோம். பச்சை மரம், அணைய இரண்டு நாள் ஆனது. குழியில் சர்வேக் கல் நட்டாகிவிட்டது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன்.

சௌமியா


மத்திய சிறை, சேலம்
9.9.2024

அன்பு மகள் சௌமியாவுக்குப் பெரியப்பா ஆசீர்வாதம். நான் சுகம். எல்லை தீர்ந்தபிறகு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. பண்ணையில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். மோகன்குமாரும் அமைதியாக இருப்பான் என்று நம்புகிறேன்.

அன்றைக்குச் செடியைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. ஒரே குருத்துதான் என்றாலும் நல்ல திடமான குருத்து. ஐப்பசி மழைக்கு முன் கவாத்து செய்துவிடு. வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே, சாய்வாக வெட்டு. மழைத்தண்ணீர் வெட்டில் நிற்கக் கூடாது. வெட்டு வாயில் மஞ்சளைக் குழைத்துப் பூசு. வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி, அடியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடு. இனி முடிச்சுக்குக் கீழே வருவதை எடுக்க வேண்டாம். இப்போது அதுதான் செடி.

இங்கே மற்றவர்களுக்கு நான்தான் ரோஜா வெட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பூ வந்தால் ஒரு வரி எழுதிப் போடு. அது போதும் எனக்கு.

நீயே வெட்டு, வேறு யாரிடமும் கொடுக்காதே. அந்தச் செடிக்கு முள் அதிகம். கை பத்திரம் சாமி.

செங்கோட்டையன்